பூட்டியவரும் பூட்டப்பட்டவளும்

நொச்சியேந்தல்,
டி. கல்லுப்பட்டி வழி.
14.2.2024

செல்வி சுபலட்சுமி அவர்களுக்கு,

சோணைக்கருப்பு கோவில் பூசாரி சோணைமுத்து எழுதுவது. பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். படித்துவிட்டுக் கிழிக்கவும்.

மதுரையில் ஒரு மகளிர் கல்லூரியில் நீங்கள் பேசியதைப் பேப்பரில் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் வெள்ளைத்துரை டீக்கடையில் வைத்து, பத்துப் பேர் கேட்க அதை எனக்குப் படித்துக் காட்டினார். "இருபது வயதில் என்னைக் கோவிலில் சங்கிலியால் கட்டிப்போட்டார்கள். பூசாரி சாட்டையால் அடித்தார்." உங்கள் படம், எங்கள் ஊர்ப் பெயர், கோவில் பெயர் எல்லாம் இருக்கிறது. இன்றைக்கு இந்தக் கோவிலுக்குப் பூசாரி என்றால் நான் ஒருவன்தான். மறுநாள் கிணற்றடியில் ஒருத்தி, "என்ன, பூசாரி பொம்பளப் பிள்ளைய சாட்டையால அடிச்சாராம்ல?" என்று என் வீட்டுக்காரியிடமே கேட்டிருக்கிறாள். என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டிலும் பேப்பர் வாங்குகிறார்கள்.

நான் உங்களை அடித்தேனா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

உங்களை நான் தேடிப்போய்ப் பிடித்துவரவில்லை. செல்லூரிலிருந்து வாடகைக் காரில் உங்கள் அப்பாவும் சித்தப்பாவும்தான் கொண்டுவந்தார்கள். சேலையால் கையைக் கட்டியிருந்தார்கள். கார்க் கண்ணாடியில் மோதி நெற்றி உடைந்திருந்தது. "டாக்டர்ட்டயெல்லாம் காட்டியாச்சு, இனி சாமிதேன்" என்று உங்கள் அப்பா அழுதார். பிறகு அவர் வரவே இல்லை. உங்களுக்குச் சோறு ஊட்டியது என் வீட்டுக்காரி பாண்டியம்மாள். தலை வாரி விட்டதும் அவள்தான். அதைப் பற்றி ஒரு வரி பேப்பரில் இல்லை.

கட்டியது உண்மை. கட்டாமல் விட்ட ஒருவன் கண்மாயில் மிதந்தான், நீங்கள் வருவதற்கு முந்தின வருடம். அதற்கும் எங்களைத்தான் கேட்டார்கள்.

மனநோயாளிகளுக்காக நீங்கள் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு இரண்டு தடவை போன் போட்டேன். யாரோ எடுத்துவிட்டு வைத்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். பேப்பரில் திருத்திப் போடச் சொல்லவும்.

இப்படிக்கு,
சோணைமுத்து


மதுரை,
26.2.2024

பூசாரி அவர்களுக்கு,

கிழிக்கவில்லை.

போனை எடுத்து வைத்தவள் நான்தான். "அலோ, நொச்சியேந்தல் சோணைமுத்து பேசுறேன்" என்று கேட்டதும் என் இடது கணுக்கால் வலித்தது. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கால் அதன்பாட்டுக்கு இருந்தது. எங்கள் டாக்டரிடம் சொன்னேன். "இது நோய் இல்ல, ஞாபகம்" என்றார். ஆகவே போன் வேண்டாம். எழுதினால் படிக்கிறேன்.

நான் மேடையில் "பெரிய பூசாரி" என்று சொன்னேன். அச்சில் "பெரிய" விடுபட்டுவிட்டது. உங்கள் அப்பா இறந்துவிட்டது எனக்குத் தெரியும். பத்திரிகைக்குத் திருத்தம் எழுதிவிட்டேன். போடுவார்களா என்று தெரியாது. உங்களுக்கும் எழுதித் தருகிறேன், வேண்டியவர்களிடம் காட்டுங்கள்: அடித்தது உங்கள் அப்பா. பூட்டியது நீங்கள். சாவி உங்கள் இடுப்பில் இருந்தது.

பாண்டியம்மாள் மதினி ஊட்டியதையும் சொன்னேன். அதை அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை.

அந்தக் கூட்டத்தில் உங்கள் கோவிலைப் பற்றிப் பேசியது கொஞ்ச நேரம்தான். மனம் பிசகியவர்களை உலகம் என்னென்ன செய்தது என்பதே தலைப்பு. லண்டனில் ஒரு காலத்தில் விடுமுறை நாட்களில் ஜனங்கள் காசு கொடுத்து அவர்களை வேடிக்கை பார்க்கப் போனார்கள். வேறு இடங்களில் ஐஸ் தண்ணீரில் முக்கினார்கள். மண்டையில் துளை போட்டு மூளையைச் சிதைத்தார்கள். அந்த வழியைக் கண்டுபிடித்தவருக்கு உலகத்திலேயே பெரிய பரிசையும் கொடுத்தார்கள். 2001இல் ஏர்வாடியில் மனநோயாளிகள் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியோடு கருகினார்கள். அந்தச் செய்தி வந்த வாரம்தான் போலீஸ் உங்கள் கோவிலுக்கு வந்து எங்களை அவிழ்த்துவிட்டது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன்பிறகு என்னை ஒரு வெளியூர் காப்பகத்தில் சேர்த்தார்கள். அங்கே பேன் இருக்கும் என்று தலையை மழித்தார்கள். ஒருவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இதையும் மேடையில் சொன்னேன். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோருமே குணப்படுத்துவதாகத்தான் நினைத்தார்கள்.

ஒரே ஓர் ஊரைப் பற்றி நல்லதாகச் சொன்னேன். பெல்ஜியம் நாட்டில் கேல் என்ற சிற்றூர். அங்கும் ஆரம்பம் ஒரு கோவில்தான். பல நூறு வருடங்களுக்கு முன்னால், ஒரு புனிதையின் சமாதிக்கு இவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கோவிலில் இடம் போதாமல் போனதும் ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் தங்க வைத்தார்கள். வந்தவர்கள் மாடு பார்த்தார்கள், பிள்ளைகளோடு சாப்பிட்டார்கள். பலர் அங்கேயே கிழவர்களாகிச் செத்தார்கள். இன்றைக்கும் சில வீடுகளில் இருக்கிறார்கள்.

அப்பா வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரியும். இப்போது அவரும் இல்லை.

சுபலட்சுமி


நொச்சியேந்தல்,
18.3.2024

சுபலட்சுமி அவர்களுக்கு,

கடிதத்தை வெள்ளைத்துரையிடம் காட்டினேன். "அப்ப பூட்டுனது நீங்கதேன்னு எழுதியிருக்குல்ல" என்றார். அதற்குமேல் யாரிடமும் காட்டவில்லை.

அந்த வெளிநாட்டு ஊரைப் பற்றி யோசித்தேன். அவர்கள் கட்டிப்போடவே இல்லையா? அப்படியானால் வெறி பிடித்தவனை எப்படி வைத்திருந்தார்கள்? பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வரவில்லையா? இதையெல்லாம் எழுதாமல் நல்ல ஊர் என்று மட்டும் எழுதினால் எப்படி நம்புவது?

இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்து நாலு நாள் ஆகிறது. நிறுத்தியதற்குக் காரணம் உண்டு.

வெள்ளிக்கிழமை சோழவந்தானிலிருந்து ஒரு வேன் வந்தது. இறங்கியது ஒரு சின்னப் பெண். பெயர் பவதாரிணி. பிள்ளை பெற்று ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். பிள்ளையை மாமியார் வைத்திருந்தாள். புருசன் மருது வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்துப் பிழைக்கிறவன். அவன் வேனை விட்டு இறங்கவே இல்லை. அந்தப் பெண் தூங்கி வாரக்கணக்கில் ஆகிறதாம். பிள்ளையை மாற்றிவிட்டார்கள், இது தன் பிள்ளை இல்லை என்கிறாள். தாய்ப்பால் கொடுக்க மறுக்கிறாள்.

"இங்க இப்ப யாரையும் வச்சிக்கிறது இல்ல, சட்டம் போட்ருக்கான், உள்ள போயிருவேன்" என்றேன். மாமியார் கேட்கவில்லை. "எம்புட்டுத் தூரத்துல இருந்து வாரோம், சாமி வாசல்லயே போட்டுட்டுப் போறேன்" என்று கோவிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். வேன் போய்விட்டது. பாண்டியம்மாள் இரண்டு பேருக்கும் சோறும் பிள்ளைக்குப் பாலும் கொண்டுபோகிறாள். அந்தப் பெண் சோற்றைத் தொடுவதில்லை.

மாமியார் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "ஒரு கயிறு மட்டும் குடுங்க."

கொடுக்கவில்லை. ஆனால் எவ்வளவு நாள்? நான் கொடுக்காவிட்டால் அவள் சேலையைக் கிழித்துக் கட்டுவாள்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர நாளாகும். அதுவரை தாங்காது. தபால் பெட்டியில் போட்டுவிட்டு உங்கள் அலுவலகத்துக்குப் போன் போடப் போகிறேன். நீங்கள் எடுக்க வேண்டாம். வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள்.

சோணைமுத்து


மதுரை,
3.4.2024

பூசாரி அவர்களுக்கு,

நீங்கள் போன் செய்தபோது வேறு யாரும் இல்லை. அதனால் எடுத்தேன். அவ்வளவுதான்.

பெரியாஸ்பத்திரியில் பவதாரிணியையும் குழந்தையையும் சேர்ந்தே வைத்திருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வரும் நோய் இது. கடுமையானது, ஆனால் பெரும்பாலும் தெளிந்துவிடும். முதல் மூன்று நாள் தூங்கினாள். போன வெள்ளிக்கிழமை குழந்தையின் காதைத் தொட்டுப் பார்த்து, "இதுக்கு எங்கம்மா காது" என்றாள். அவளுடைய அம்மா இறந்து வெகுகாலம் ஆகிறது. அப்பா திருப்பூரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார்.

நாங்கள் அனுப்பிய ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் நீங்கள் அவளுக்குத் திருநீறு பூசி, எலுமிச்சம்பழம் அறுத்ததாக மாமியார் சொன்னார். திருநீறு பற்றி எனக்குப் பேச்சில்லை. அப்போது அவளை யார் பிடித்திருந்தார்கள் என்று கேட்டேன். "யாரும் பிடிக்கல, பூசாரி சம்சாரம் பக்கத்துல உக்காந்திருந்துச்சு" என்றார். குறித்துக்கொண்டேன்.

உங்கள் கேள்விக்குப் பதில். ஆமாம், கேல் ஊரிலும் கட்டியிருக்கிறார்கள். பழைய காலத்தில் கோவிலை ஒட்டிய அறையில் வளையம் மாட்டி வைத்திருந்தார்களாம். வீடுகளிலும் சிலர் விலங்கு போட்டார்கள். பின்னால் விட்டார்கள். ஒரே நாளில் நல்லவர்கள் ஆகவில்லை. மேடையில் இதைச் சொல்லாமல் விட்டது தப்புதான். சொன்னால் ஊர் அழகு குறைந்துவிடும் என்று நினைத்திருப்பேன்.

இனி வேறு விஷயம். வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்குகிறது. மாமியார் என் முன்னாலேயே டாக்டரிடம் சொன்னார்: "பிள்ளைய நாங்க வளத்துக்கிறோம். அவ எங்கிட்டாவது ஹோம்ல இருக்கட்டும்." மருது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சட்டப்படி இதை எதிர்க்கலாம், எதிர்ப்போம். ஆனால் சட்டம் அவளுக்கு ஒரு வீட்டைக் கட்டித் தராது. எனக்குத் தெரிந்த விடுதிகளில் கைக்குழந்தையோடு சேர்ப்பதில்லை. மாத்திரை நின்றால், தூக்கம் கெட்டால், மறுபடி வரும். குழந்தையைப் பிரித்தாலும் வரும் என்று நினைக்கிறேன். இது டாக்டர் சொன்னதில்லை, நான் சொல்வது.

தகவலுக்காக எழுதினேன். நீங்கள் ஏதாவது செய்ய வேண்டும் என்பதற்காக அல்ல.

சுபலட்சுமி


நொச்சியேந்தல்,
20.4.2024

சுபலட்சுமிக்கு,

நான் சோழவந்தான் போய்வந்தேன்.

மருதுவின் வீடு ஆற்றுக்குப் பக்கத்தில். என்னைப் பார்த்ததும் மாமியார் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து காலில் விழுந்தாள். "சாமி வீட்டுக்கே வந்திருச்சு" என்றாள். ஊருக்குள் எனக்கு இருக்கிற மரியாதை உங்களிடம் இல்லை என்பது தெரியும். அங்கே இருந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

"தாயையும் பிள்ளையையும் பிரிச்சா கருப்பு பொறுக்க மாட்டான்" என்று சொன்னேன். அருள் வந்து சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்து, கையில் காப்பி டம்ளரோடு சொன்னேன். மாமியார் முகம் வெளுத்துவிட்டது. பொய்யா என்று கேட்பீர்கள். எனக்கே தெரியவில்லை. நாற்பது வருடமாக எனக்குத் தோன்றுவதைத்தான் கருப்பு சொன்னதாகச் சொல்லிவருகிறேன்.

மருது என்னோடு பஸ் நிறுத்தம் வரை வந்தான். "எனக்குப் பயமா இருக்குய்யா. முழிச்சுப் பாக்கிற பார்வை அவ பார்வையே இல்ல. வீட்டுக்குக் கூட்டியாந்துட்டு நான் கொடிக்காலுக்குப் போனா, எங்கம்மா அவளப் பாத்துக்கிடாது. அடிச்சிரும்" என்றான். கல்நெஞ்சன் இல்லை. அம்மாவுக்குப் பயந்தவன்.

அதற்கு நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பாண்டியம்மாளிடம் கேட்கவில்லையே என்று நினைவு வந்தது. தாயும் பிள்ளையும் கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றேன். கோவிலில் இல்லை, வீட்டில். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அவள் அறை சும்மாதான் கிடக்கிறது.

பாண்டியம்மாள் அன்றைக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டு ஆடுகளிடம் போய்விட்டாள். பிறகு கேட்டாள். "கெட்டிப்போட மாட்டீகளே?" "மாட்டேன்." "அப்பச் சரி. நான் பாத்துக்கிறேன்."

ஊரில் கூட்டம் போட்டார்கள். வெள்ளைத்துரைதான் முதலில் பேசினார். "கோவில்ல வச்சிருந்தா சங்கிலி இருக்கும், பயமில்ல. வீட்ல சும்மா விட்டா எங்க பிள்ளைகளுக்கு யாரு பொறுப்பு?" நான் பொறுப்பு என்றேன். எழுதிக்கொடு என்றார்கள். கொடுத்தேன்.

இனி நீங்களும் டாக்டரும் சொல்வதுதான். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

சோணைமுத்து


மதுரை,
29.4.2024

சோணைமுத்து அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை டாக்டரிடம் படித்துக் காட்டினேன். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று என்னைக் கேட்டார். அந்த ஊருக்கு ஒரு பெண்ணை அனுப்ப என் கை கையெழுத்துப் போடாது என்றேன். "அது உங்க கால்வலி. இது அவங்க வாழ்க்கை. அவங்கள்ட்டயே கேளுங்க" என்றார்.

கேட்டேன். அந்தக் கோவிலில் முன்பு என்ன நடந்தது என்று பொதுவாகச் சொன்னேன். என்னைப் பற்றிச் சொல்லவில்லை. பவதாரிணி யோசித்துவிட்டு, "அந்தப் பூசாரி வீட்டு அத்தை சோத்தப் பிசஞ்சு வச்சுக்கிட்டு, சாப்பிடச் சொல்லாம சும்மா உக்காந்திருந்தாங்க. அங்க போறேன்" என்றாள்.

நானும் ஒரு காலத்தில் அந்தக் கையைத்தான் நம்பினேன். அதனால் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மாத்திரையை மதினி கையில் கொடுங்கள், உங்கள் கையில் வேண்டாம். சாமி கும்பிட வருகிறவர்களுக்கு அவளைக் காட்டாதீர்கள். அறைக்கு வெளியே தாழ்ப்பாள் இருந்தால் கழற்றிவிடுங்கள். கல்லுப்பட்டிக்கு எங்கள் குழு வியாழக்கிழமைகளில் வருகிறது, அப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும். நான் அந்தக் குழுவில் கல்லுப்பட்டி வரைதான் வருவேன்.

இது ஏற்பாடு. நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுபலட்சுமி


நொச்சியேந்தல்,
10.6.2024

சுபலட்சுமிக்கு,

கல்லுப்பட்டியில் நீங்கள் என்னிடம் பேசுவதில்லை, உங்கள் மதினியிடம்தான் பேசுகிறீர்கள். அதனால் அவள் சொல்லியிருப்பாள். இருந்தாலும் நடந்ததை நானும் எழுதிவிட வேண்டும்.

முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. பிள்ளையைக் குளிப்பாட்டினாள். முருங்கைக்கீரை உருவிக்கொடுத்தாள். மருது ஞாயிறு தோறும் வந்து வாசலில் நின்றுகொண்டு, வெற்றிலைக் கட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போவான். பிறகு மாத்திரை தூக்கத்தை இழுக்கிறது, பிள்ளை அழுவது கேட்பதில்லை என்று சொல்லத் தொடங்கினாள். வாயில் போட்டுக்கொண்டு பின்னால் போய்த் துப்பியிருக்கிறாள். எங்களுக்குத் தெரியாது.

போன செவ்வாய் மத்தியானம் பாண்டியம்மாள் ரேசன் கடைக்குப் போயிருந்தாள். ஆடுகளை மாற்றிக் கட்ட நான் புறப்பட்டேன். அப்போது பவதாரிணி பிள்ளையோடு தெருவில் இறங்கிப் போனாள். செருப்பில்லை. தலை விரிந்திருந்தது. கண்மாய்ப் பக்கம் போனாள். ஓடிப்போய் முன்னால் நின்றேன். என்னை யாரென்று தெரியவில்லை. "வழிய விடு, இந்தப் பிள்ளைக்காரி அங்க இருக்கா, குடுத்துட்டு வாரேன்" என்றாள்.

கண்மாயில் தண்ணீர் கிடந்தது.

என் தோளில் ஆட்டுக்கயிறு இருந்தது. கை அதற்குப் போனது. மறைக்க மாட்டேன். கரையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். வெள்ளைத்துரை தூரத்திலிருந்தே, "கெட்டுய்யா, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற, பிள்ள செத்துப்போகும்" என்று கத்தினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு பக்கம் பிள்ளை. கட்டினால் பிள்ளை பிழைக்கும். எத்தனையோ பேரைக் கட்டிய கை, தானாகவே முடிச்சுப் போடும்.

வழியை விட்டேன். கூடவே நடந்தேன். தண்ணீர்ப் பக்கம் நான், மேட்டுப் பக்கம் அவள். "பிள்ளைக்காரி எந்தப் பக்கம் இருக்கா தாயி?" என்றேன். "அங்க" என்றாள். "சரி, போவோம்." கரை முழுக்க நடந்தோம். வெயில் கொளுத்தியது. மடை வந்ததும் நின்றாள். "எம்புட்டு நேரம் தூக்குவ, கை வலிக்கும்ல. செத்த நேரம் எங்கிட்டக் குடு" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். எதைப் பார்த்தாளோ, கொடுத்துவிட்டாள். பிறகு மடைக்கல்லில் உட்கார்ந்து அழுதாள். பாண்டியம்மாள் வரும்வரை அப்படியே இருந்தோம்.

அன்றைக்கு நடந்தது சரியாக முடிந்தது. அவள் தண்ணீரில் இறங்கியிருந்தால் என்ன எழுதியிருப்பேன்? உங்கள் அந்தக் கேல் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? தெரிந்தால் எழுதவும்.

சோணைமுத்து


மதுரை,
16.6.2024

சோணைமுத்து அவர்களுக்கு,

அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்தாலும் கிடைக்காது. அப்படிப்பட்டதை யாரும் எழுதிவைக்க மாட்டார்கள்.

தண்ணீரில் இறங்கியிருந்தால் நீங்களும் இறங்கிப் பிடித்துத் தூக்கியிருக்க வேண்டும். ஆபத்தில் பிடிப்பது வேறு, கட்டிப்போட்டுவிட்டுப் போவது வேறு. என்னை யாரும் பிடித்துக்கொண்டதில்லை. பூட்டிவிட்டுப் போனார்கள்.

மாத்திரையின் அளவை மாற்றியிருக்கிறார்கள். இனி இரவில் மட்டும்தான். இரவில் பிள்ளையை மதினி பார்த்துக்கொள்ளட்டும். அறையை ஒருவர் நேரில் வந்து பார்த்து எழுத வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். குழுவில் இன்னொரு பெண்ணை அனுப்புவதாகத்தான் இருந்தது.

நானே வருகிறேன். இந்த மாதக் கடைசி சனிக்கிழமை. பஸ் நிறுத்தத்துக்கு மதினி மட்டும் வரட்டும்.

சுபலட்சுமி


நொச்சியேந்தல்,
8.7.2024

சுபலட்சுமிக்கு,

அன்றைக்கு நீங்கள் வந்தபோது நான் வீட்டுக்குப் பின்னால் இருந்தேன். எதிரில் வரக்கூடாது என்று பாண்டியம்மாள் சொல்லியிருந்தாள். நீங்களே பின்னால் வந்து, "தாழ்ப்பாளக் கழத்துன எடத்துல ஆணி நீட்டிக்கிட்டு இருக்கு, பிள்ள கையில கிழிச்சிரும்" என்றீர்கள். இத்தனை வருடத்தில் என்னிடம் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தை. அன்றைக்கே ஆணியைப் பிடுங்கிவிட்டேன்.

சாப்பிட்டீர்கள். மோர் மட்டும் வேண்டாம் என்றீர்கள்; அந்தக் காலத்தில் இங்கே உங்களுக்குத் தினமும் ஊட்டியது மோர்ச்சோறு. கோவில் பக்கம் போவீர்கள் என்று நினைத்தேன். போகவில்லை. தெருவில் நின்று, உங்களைப் பூட்டியிருந்த கோவில் கொட்டகையைப் பார்த்ததாகப் பாண்டியம்மாள் சொன்னாள். அதில் இப்போது வைக்கோல்தான் இருக்கிறது.

மருது போன ஞாயிறு வாசலைத் தாண்டி உள்ளே வந்தான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவளிடம் கொடிக்கால் கதை பேசினான். கொடிக்காலுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு வீடு வாடகைக்குப் பார்க்கிறானாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கூட்டிப்போ என்று சொல்லியிருக்கிறேன். ஆவணிக்குள் நடக்கும் என்று நினைக்கிறேன். நடக்காவிட்டாலும் அவள் இங்கே இருக்கட்டும் என்று பாண்டியம்மாள் சொல்கிறாள்.

எழுத வந்தது இதற்கல்ல.

நீங்கள் போன மறுநாள் பவதாரிணி என்னைக் கேட்டாள். "அந்த அக்கா ஏன் ஒங்களப் பாத்தா மூஞ்சியத் திருப்புறாங்க?" பொய் சொல்ல வாய் வரவில்லை. "சின்ன வயசுல அதுக்கு ஒன்னய மாதிரி முடியாம வந்துச்சு. நாந்தேன் அந்தக் கொட்டகையில சங்கிலி போட்டுப் பூட்டுனேன்" என்றேன்.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அன்று முழுக்க வெளியே வரவில்லை. மறுநாள் காலையில் வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். "எனக்கு மறுபடி வந்தா என்னையும் பூட்டுவீங்களா?" என்றாள். மாட்டேன் தாயி என்றேன். "அத நான் எப்படி நம்புறது?"

கண்மாய்க் கரையில் கட்டாமல் வந்தேனே என்று சொல்லலாம். அவளுக்கு அந்த நாள் ஞாபகம் இல்லை. கோவிலில் சத்தியம் செய்து கொடுக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். அப்போதிருந்து தினமும் ஒரு தடவை அதையே கேட்கிறாள். கோபமாகக் கேட்பதில்லை. மணி என்ன என்று கேட்பதுபோலக் கேட்கிறாள்.

நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? நீங்கள்தான் சொல்ல முடியும்.

சோணைமுத்து


மதுரை,
15.7.2024

சோணைமுத்து அண்ணனுக்கு,

பதில் எதுவும் சொல்லாதீர்கள். சத்தியம் செய்யாதீர்கள். கேட்காதே என்றும் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கொட்டகையில் நானும் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். "அப்பா எப்ப வருவாரு?" உங்களுக்கு ஞாபகம் இருக்காது. கேட்கக் கேட்க நோய் முற்றுகிறது என்று உங்கள் அப்பா சொன்னார். கேட்பதை நிறுத்திய பிறகுதான் எனக்கு நோய் முற்றியது.

அவள் கேட்பது நோய் இல்லை. புத்தி தெளிவாக இருப்பவள்தான் அதைக் கேட்பாள். தினமும் கேட்கட்டும். நீங்கள் தினமும் கதவைத் திறந்து வையுங்கள். சோறு போடுங்கள். பிள்ளையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். நம்பிக்கை வருகிற அன்றைக்கு அவளுக்கு வரும். வராமலும் போகலாம். அதற்காக அவள்மேல் கோபப்படாதீர்கள்.

எனக்கும் அந்த நம்பிக்கை இன்னும் வரவில்லை. வியாழக்கிழமை கல்லுப்பட்டியில் வேலை முடிந்ததும் உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

சுபலட்சுமி